ஆதாரம் கேட்ட மேடம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை பஸ் நிற்கும். முன்னால் ‘வெள்ளிமலை, வழி கச்சிராயபாளையம்’ என்று போர்டு இருக்கும். எங்கள் கல்லூரிக் கணக்கு மேடம் அந்தப் போர்டை நின்று படிப்பார். படித்துவிட்டுக் கண்டக்டரிடம் போய், “இது வெள்ளிமலை போவுங்களா?” என்று கேட்பார். பிறகு டிரைவர் பக்கம் சுற்றிப் போய் அதையே கேட்பார். ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் மூன்றாம் முறை கேட்பார். பஸ் கிளம்புவதற்குள் அந்தப் பெண்ணுக்கே சந்தேகம் வந்து இறங்கலாமா என்று பார்க்கும்.

ஒருநாள் கண்டக்டர் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார். “மேடம், மூணு வருஷமா இதே பஸ்லதான் போய்க்கினு வந்துக்கினு இருக்கீங்க. இன்னுமா நம்பிக்கை வரல?”

“நேத்து போச்சுங்க, ஒத்துக்கறேன். இன்னிக்கும் போவும்ன்றதுக்கு இன்னா ஆதாரம்?”

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். வேறு என்ன செய்ய முடியும்?

நான் அந்தக் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளன். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர், அதனால் என்னை ‘அண்ணா’ என்பார். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விதைக்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதல் சந்தேகப் பிராணி இரண்டும் அவர்தான். கீழே கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, வாரம் ஒருமுறை மலைக்குப் போய் வருவார்.

அறையைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்து நான்காவது முறை இழுப்பார். அந்த வீட்டுக்காரர் தன் காசில் புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். பழையது மேடத்தின் இழுப்பிலேயே பெயர்ந்து வந்துவிட்டது. தேர்வு அறையில் வினாத்தாளை மூன்று முறை எண்ணுவார், பிறகு பிள்ளைகளையும் மூன்று முறை எண்ணுவார். பிள்ளைகள் ஓடிப்போக ஆசைப்படும் இடம்தான், ஆனாலும் பரீட்சை நடக்கும்போதா ஓடுவார்கள்? என் ஆய்வகத்துக்கு வந்தால் நான் துடைத்த மேசையைத் தன் கைக்குட்டையால் மறுபடி துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். இதில் மட்டும் அவர் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நான் துடைத்தால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். துறைத் தலைவர் என் பீக்கர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பெருமூச்சு விடுவது வாடிக்கை.

ஒருமுறை மேடத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றார்கள். எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மேடம் பின்கட்டுக்குப் போய்க் கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். சூப்பர்வைசர்தான், பொய்யில்லை. மேடம் முன்னால் வந்து, “சரிதாங்க, விசாரிச்சிட்டேன். எனக்குச் சம்மதம்” என்றார். மாப்பிள்ளைக்குத்தான் சம்மதம் போய்விட்டது. வெளியே வந்து, “இன்னிக்கு வேலையப் பத்திக் கேட்டாங்க. நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து ஏன் லேட்டுன்னு கேக்கறதுக்குள்ள நான் கெளம்பிடறேன்” என்றாராம். மேடம் இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார் என்பது பிறகுதான் உறைத்தது.

இந்த ‘இன்னா ஆதாரம்’ அவர் சொந்தச் சரக்கு இல்லை. அவர் கல்லூரியில் படித்தபோது ஒரு வருஷம் மலையில் மழை ஏமாற்றி, சாமை கதிர் பிடிக்காமல் காய்ந்து போயிருக்கிறது. அப்பா நிவாரணம் கேட்டு ஓர் ஆபீசுக்கு மனு கொண்டுபோனார். கூட மேடமும் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஏதோ பதிவேட்டைப் புரட்டி, மலைக்குக் கீழே இருக்கும் மழைமானியில் நல்ல மழை பதிவாகி இருக்கிறது என்றார். “உங்க ஊர்ல பெய்யலன்றதுக்கு இன்னா ஆதாரம்?” என்று கேட்டார். அப்பாவிடம் காய்ந்த சாமை ஒரு பிடி இருந்தது. அதை மேசைமேல் வைத்திருக்கிறார். “குப்பைய எடுங்க” என்று பதில் வந்தது.

“அன்னிக்கி எங்கப்பா அத ஒண்ணு ஒண்ணா பொறுக்கி மறுபடி மடியில கட்டினாரு பாருங்க” என்றார் மேடம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அதனால்தான் மேடம் மலை மழையைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தார். வீட்டு வாசலில் அளவு குறித்த பாட்டில் ஒன்றை வைத்தார். தினமும் காலை ஆறரை மணிக்கு அப்பா பாட்டிலைப் பார்த்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி ஃபோன் செய்வார்.

“பதினாலு புள்ளி அஞ்சும்மா.”

“திருப்பிச் சொல்லுப்பா.”

“பதினாலு புள்ளி அஞ்சு.”

“இன்னொருக்கா.”

மழை இல்லாத நாளிலும் அப்பா பாறை ஏறியாக வேண்டும். “இன்னிக்கு ஒண்ணுமில்லம்மா” என்றால் மேடம் விடமாட்டார். “ஒண்ணுமில்லன்னா எவ்ளோப்பா?” “சைபரும்மா.” “திருப்பிச் சொல்லு.” பாறைமேல் நின்று மூன்று முறை சைபர் சொல்லிவிட்டு அந்த மனிதர் சாமைக் கொல்லைக்குப் போவார்.

எண்களை மேடம் நோட்டில் எழுதவில்லை. முதலில் எழுதிய நோட்டு மலை வீட்டில் கரையானுக்குப் போய்விட்டது. ஃபோனிலும் வைக்கவில்லை, “அது நம்மளக் கேக்காமலே அப்டேட் ஆவுதுண்ணா” என்பார். அவரிடம் ஒரு பழைய கிராஃப் கால்குலேட்டர் இருந்தது. கூடப் படித்த தோழி வெளிநாட்டுக்குப் போய் வந்தபோது, தான் அங்கே பயன்படுத்தியதைக் கொடுத்தது. செங்கல்லில் பாதி கனம். சின்னத் திரை, நிறைய பொத்தான். பட்டியல் போட்டு எண்களைச் சேர்த்தால் அதுவே வளைகோடு வரைந்து காட்டும். “இதுல நெட் இல்ல, கேம் இல்ல, அதனால பொய்யும் இல்ல” என்று மேடம் அதற்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார். ஒன்றரை வருஷ மழை, ஐந்நூற்றுச் சொச்சம் எண்கள், அதற்குள் ஏறின.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கல்லூரியில் பொரியும் சுண்டலும் துறைக்குத் துறை போட்டி. ஆய்வகத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் பொறுப்பு. வோல்ட் மீட்டர், தராசு, கம்ப்யூட்டர், மௌஸ், தீயணைப்பு உருளை, எதையும் விடமாட்டேன். மேடம் தன் கால்குலேட்டரைக் கொண்டுவந்து நீட்டினார்.

“எனக்கு ஆயுதம்னா இதுதாண்ணா. ஸ்கிரீன் மேல மட்டும் பொட்டு வெச்சிடாதீங்க.”

“நம்ம வேலயப் பத்தி உங்களுக்குத் தெரியாதா மேடம்?”

“தெரிஞ்சதாலதான் சொல்றேன்.”

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரை தொடக்கூடாது. மறுநாள் காலை அப்பா சொன்ன எண்ணை மேடம் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு, கால்குலேட்டரை வாங்கியதும் ஏற்றினார். நான் வைத்த பொட்டை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தார்.

தீபாவளி முடிந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. பல்கலைக்கழகத்தில் இருந்த வழிகாட்டி, எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பச் சொன்னார். அதே சமயத்தில் கால்குலேட்டரின் திரை மங்க ஆரம்பித்தது. பேட்டரி தீர்கிறது. மாற்றலாம் என்றால் அதில் ஒரு கண்டம். நான்கு பேட்டரியையும் கழற்றும் நேரத்தில் உள்ளே இருப்பதைக் காப்பாற்ற ஒரு பட்டன் பேட்டரி தனியாக உண்டு. அதன் மூடியில் திருகு துருப்பிடித்துத் திறக்க வரவில்லை. உள்ளே அது உயிரோடுதான் இருக்கும் என்றேன்.

“உயிரோட இருக்குதுன்றதுக்கு இன்னா ஆதாரம்?”

இல்லை. செத்திருந்தால் ஒன்றரை வருஷ மழையும் ஒரு நொடியில் போய்விடும். திரையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளலாம் என்றேன். மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிகிறது, ஒரு எண் தப்பினாலும் அந்த ஆபீஸ்காரன் சிரிப்பான் என்றார். அந்த ஆள் எப்போதோ ரிட்டயர் ஆகியிருப்பான். மேடத்துக்கு அவன் இன்னும் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆக, கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இறக்குவதுதான் ஒரே வழி. துருகம் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்காரர் கால்குலேட்டரின் அடியில் இருந்த சின்ன ஓட்டையைப் பார்த்துவிட்டு, பழைய காலத்து ஹெட்செட் ஒயர் ஒன்றை எடுத்துப் போட்டார். “அதே பின்தான் மேடம்.” பின் அதேதான். மறுமுனையில் கம்ப்யூட்டரில் செருக ஒன்றும் இல்லை, இரண்டு காது மூடிகள்தான் இருந்தன. மேடம் அவரிடம் கேட்ட கேள்விகளில் அந்த ஆள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார். கடைசியில் சரியான கேபிள், யாரோ பயன்படுத்தியது, சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. புது கம்ப்யூட்டருக்கு அதைத் தெரியவில்லை. கிடப்பில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி எழுப்பினேன். அதில் அதற்கான மென்பொருளைப் போட்டேன். இவ்வளவையும் நான் செய்தேன் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்டும்போது உதவும்.

கேபிளைச் செருகினோம். ‘கருவி எதுவும் இணைக்கப்படவில்லை’ என்று திரையில் வந்தது.

கேபிளோடு வந்த காகிதத்தில், பின்னைக் கடைசிவரை அழுத்தவும் என்று இருந்தது. மேடம் அதை மூன்று முறை சத்தமாகப் படித்தார். அவர் அழுத்தினார், நானும் அழுத்தினேன்.

“உள்ள போயிடுச்சு மேடம்.”

“போயிடுச்சுன்றதுக்கு இன்னா ஆதாரம்? இதோ பாருங்க, கொஞ்சம் வெளிய தெரியுதே?”

உண்மைதான். அரிசி மணி அகலத்துக்குப் பின் வெளியே பளபளத்தது. நான் அதைப் பார்த்தேன். எனக்குப் பசி. “அது அப்படித்தான் மேடம் இருக்கும்” என்றேன்.

மேடம் என் முகத்தைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது ஆதாரம் கேட்பார் என்று. அவர் கேட்கவில்லை. “நீங்க சொன்னா சரிங்கண்ணா. உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்” என்றார். மூன்று வருஷத்தில் அவர் யாரையும் நம்பி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்குப் பெருமையாக இருந்தது. சாப்பிடப் போனேன்.

அதற்குப் பிறகு பதினாறு நாள். பின்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். மென்பொருளை அழித்து அழித்துப் போட்டோம். கம்ப்யூட்டரை மாற்றினோம். மேடம் தினமும் மாலை வந்து உட்கார்ந்து, மங்கிக்கொண்டே போகும் திரையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பார். தினமும் காலையில் அப்பா பாறை ஏறி எண் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பதினைந்தாம் நாள் திரையில் எதுவும் தெரியவில்லை. பொத்தானை அழுத்தினால் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது, உயிர் இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

மறுநாள் மதியம் மேடம் அப்பாவைக் கூப்பிட்டார். அவர் ஏதோ வேலையாகச் சந்தைக்கு வந்திருந்ததால் லைன் கிடைத்தது. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“அப்பா, நீ சொன்னதெல்லாம் போயிடும் போலருக்குப்பா.”

“எது?”

“மழ. ஒன்றர வருஷ மழ.”

அந்தப் பக்கம் சந்தை இரைச்சல். பிறகு அவர் சொன்னார். “மழதானேம்மா, மறுபடி பெய்யும். நான் மறுபடி சொல்றேன். நீ சாப்ட்டியா?”

மேடம் ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். முதுகு குலுங்கியது தெரிந்தது. நான் சும்மா இருக்க முடியாமல் கால்குலேட்டரைக் கையில் எடுத்துப் புரட்டினேன். ஜன்னல் வெயில் நேராக அடியில் இருந்த ஓட்டைக்குள் விழுந்தது. உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

ஆயுத பூஜை அன்று நானே வைத்தது. ஸ்கிரீனில் வைக்க வேண்டாம் என்றார் மேடம். பொத்தான்மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அடியில் பார்த்தால் பொட்டு அளவுக்கே ஒரு குழி. இதற்கென்றே செய்து வைத்தது போலிருக்கிறதே என்று மகிழ்ந்து, விரல் நுனியால் நன்றாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். அன்று முந்நூறு பொட்டு வைத்திருப்பேன், எது எங்கே என்று யாருக்கு ஞாபகம்? மேடம் வெளிப்பக்கம் துடைத்தார். உள்ளே இருந்தது காய்ந்து கல்லாகிவிட்டது. அந்தக் கல்தான் பின்னை அரிசி மணி அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினேன். கீறக் கீற மஞ்சள் பொடி மேசையில் உதிர்ந்தது, நடுவே குங்குமச் சிவப்பும். வராந்தாவைப் பார்த்தேன். மேடம் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஊதினேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஈர்க்குச்சியில் சுற்றி, உள்ளே விட்டுத் திருகி, மறுபடி பஞ்சு மாற்றித் திருகி, காய்ந்த பஞ்சால் இன்னொரு முறை. பிறகு பின்னைச் செருகினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். இந்தப் பதினாறு நாளில் கேட்காத சத்தம். கம்ப்யூட்டரில் கால்குலேட்டரின் பெயர் வந்தது.

“மேடம்!” என்று கத்தினேன்.

ஓடி வந்தார். பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. எல்லா எண்ணும் இருந்தன, அத்தனை சைபரும் இருந்தன. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

“எப்படிண்ணா?”

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. “நல்லா அழுத்தினேன் மேடம்” என்றேன்.

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். “அப்ப நான்தான் சரியா அழுத்தலியா? இவ்ளோ நாளும்?”

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். மேடம் இதைப் பாடமாக்கிவிட்டார். ஒவ்வொரு வகுப்பிலும், “எதையும் கடசி வரைக்கும் அழுத்திப் பாக்கணும். நான் பாக்கல. எல்லாத்தையும் மூணு வாட்டி பாக்கறவ, கைல இருந்தத ஒரு வாட்டி ஒழுங்கா அழுத்தல” என்பார். பக்கத்து அறையில் இருக்கும் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். பட்டம் வாங்கினார். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அப்பாவின் பாறைக்குக் கூட ஒரு வரி இருந்தது. அதற்கு அடுத்த வரி எனக்கு. ‘என் கவனக்குறைவால் போக இருந்த மழையை மீட்டுக் கொடுத்த ஆய்வக அண்ணனுக்கு, நான் சரிபார்க்காமல் நம்பிய ஒரே மனிதருக்கு.’ என் மனைவி அதை ஃபோட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்து மேடம் போய்விட்டார். ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் ஆய்வகம் முழுக்க ஓட்டை ஓட்டையாகத் தேடிச் செல்லோடேப் ஒட்டுகிறேன். புதிதாக வந்த துறைத் தலைவர் இது ஏதோ எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்து, தன் வீட்டு மிக்சிக்கும் ஒட்டியிருக்கிறார்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் பழக்கமான குரல் கேட்டது. “இது வெள்ளிமலை போவுங்களா?” கண்டக்டர் புதியவர், பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் டிரைவர் பக்கம் சுற்றும்போது நான் குறுக்கே போய் நின்றேன். நலம் விசாரித்தார். அப்பா இன்னும் பாறை ஏறுகிறார் என்றார். இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சந்தனம், ஈர்க்குச்சி, ஊதியது, ‘அது அப்படித்தான் இருக்கும்’ என்று பசியில் சொன்னது, எல்லாம்.

மேடம் கடைசிவரை கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னா ஆதாரம்ண்ணா?” என்றார்.

“நானே சொல்றேனே மேடம்!”

“நீங்க வெச்ச பொட்ட நான் ஈரத்துணியால மூணு வாட்டி தொடச்சேன். எனக்கு ஞாபகம் இருக்குது. அதுக்கப்புறமும் அதுல இன்னா இருக்கும்?”

“வெளியதான் தொடச்சீங்க. உள்ள இருந்துச்சு.”

பையைத் திறந்தார். இன்னும் அதே கால்குலேட்டர். ஃபோன் டார்ச்சை அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார். மூக்கருகே வைத்து மோந்தார். கண்டக்டர் விசில் ஊதினார்.

“ஒண்ணுமே இல்லியேண்ணா, பளபளன்னு இருக்குது. என் தப்ப உங்க தலைல போட்டுக்கினு என்னைய சமாதானப்படுத்தப் பாக்கறீங்க. உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுண்ணா.”

பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். நான் அங்கேயே நின்றேன். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் நான் சுத்தமாகத் துடைத்தது அந்த ஒரு ஓட்டையைத்தான்.